இரண்டு நொடி இருட்டு

வெல்காவின் கணினித் திரை
நினைத்த நேரத்தில் கறுத்துப்போகிறது.
இரண்டே நொடி.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
அதே சம்பளப் பட்டியல், அதே சிமிட்டும் கோடு.

லியெபாயாவில், துறைமுகக் காற்று வந்து மோதும்
எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில்
கணினி வைத்திருப்பவர் எல்லோருமே வைத்தியர்.
இல்மார்ஸ் சொன்னான்: கேபிளை மாற்று.
மாற்றினாள், பதினோரு யூரோ.
ட்ராம் பணிமனை ஸ்காய்த்ரிட்டேயிடம்
எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை:
அணைத்துவிட்டுத் திரும்பப் போடு.
போட்டாள்.
கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த ரைவிஸ்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
விசைப்பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டு
டிரைவரை நீக்கிப் புதியது போட்டான்,
புதியதை நீக்கிப் பழையதையே போட்டான்.
அவன் இருந்த மூன்று மணி நேரமும்
திரை ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.
பல்வலியும் அப்படித்தானே,
வைத்தியர் வாசலைக் கண்டதும் நின்றுவிடும்.

என் முறை வந்தபோது
கைவசம் எந்த மருந்தும் மிச்சமில்லை.
ஒரு தாளைக் கொடுத்தேன்.
கறுக்கும்போதெல்லாம் மணியை எழுது,
அப்போது என்ன செய்தாய் என்பதையும்.

வெள்ளிக்கிழமை தாள் திரும்பி வந்தது.
மீன் ஆலைக்குக் கணக்கெழுதும் கை,
எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிமிர்ந்து நின்றன.

9.40 தண்ணீர் எடுக்க எழுந்தேன்
10.15 காற்று, ஜன்னலைச் சாத்த எழுந்தேன்
11.05 எழுந்தேன்
11.30 எழுந்தேன்
11.50 எழுந்தேன்
12.20 எழுந்தேன்
1.10 எழுந்தேன்

கோளாறு கேபிளில் இல்லை,
வினைச்சொல்லில் இருந்தது.

வென்ட்ஸ்பில்ஸில் திரை பழுதுபார்க்கும்
ஸ்காய்த்ரிட்டேயின் மைத்துனனைத் தொலைபேசியில் பிடித்தோம்.
சிரிக்காதீர்கள், என்றான், நாற்காலியைப் பாருங்கள்.
அந்தச் சுழல் நாற்காலியின் தண்டுக்குள் வாயு.
எழுந்தால் அது மேலே ஏறும்,
ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி தெறிக்கும்,
திரை அதற்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும்.

நம்பாமல் ஆளாளுக்கு உட்கார்ந்து எழுந்தோம்.
நூற்றுப்பத்து கிலோ இல்மார்ஸ் எழுந்தான், கறுத்தது.
ஒல்லிக்குச்சி ஸ்காய்த்ரிட்டே எழுந்தாள், கறுத்தது.
ரைவிஸ் எழுந்ததும் கறுத்தது,
அவன் முகமும் கொஞ்சம்.
ஓர் அறை நிறையப் பெரியவர்கள்
உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து,
அத்தனை சிரிப்பை அந்தச் சுவர் கேட்டு நாளாயிருக்கும்.

சுழல் நாற்காலி படிக்கட்டுக்கு அடியில் போனது.
சமையலறை மர நாற்காலி மேசைக்கு வந்தது.
சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியை வெட்டி
ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள் வெல்கா.
வைத்தியம் முடிந்தது.

தாள் மட்டும் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.
முதல் இரண்டு வரிக்குக் காரணம் இருக்கிறது.
மற்ற ஐந்துக்கு இல்லை.
அவள் ஜன்னலில் தெரிவது
ட்ராம் நிறுத்தமும் அதன் பின்னால் துறைமுக வேலியும்.
காசு குறைந்தால் மூன்று முறை கூட்டிப்பார்ப்பவள்
காரணத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறாள்.
மறந்து அல்ல.

இப்போது திரை கறுப்பதே இல்லை.
ஆனால் மர நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது.
அவள் வீட்டுத் தரை, என் வீட்டுக் கூரை.
பதினொன்று ஐந்துக்கு ஓர் உரசல்.
பதினொன்றரைக்கு ஓர் உரசல்.
தாளைத் திருப்பிப் பின்பக்கம்
நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

நேற்று 12.20க்கு நானும் எழுந்தேன்.
கெண்டியில் தேநீர், இடுக்கில் இரண்டு குவளை.
பதினாறு படிகள்.
எட்டாவதில் நின்றுவிட்டேன்.
கதவைத் திறந்தால் என்ன கேட்பது?

வேறென்ன,
திரை ஒழுங்காக வருகிறதா என்றுதான்.